உங்கள் ஊர் வானத்தைப் படமெடுப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பீடோரைச் சேர்ந்த தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். மலைப்பக்கம் எழும் மேகத்தையும், மழை வருவதையும், அந்தி வானத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுக்கிறேன். நேரில் கண்டதில் பாதிகூடப் படத்தில் தெரிவதில்லை. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? அல்லது கேமரன் மலை போன்ற இடத்துக்குப் போனால்தான் வானம் அழகாக அமையுமா?"

இப்போதைக்கு இரண்டுமே வேண்டியதில்லை என்பது என் பதில். கேமரன் மலைக்கு ஏறினால் பிற்பகல் வேளைகளில் நீங்கள் பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பீர்கள். அந்த மேகத்தின் அடியையும் உச்சியையும் முழு உருவமாகக் காண்பதற்கு உங்கள் பீடோர்ச் சமவெளியே ஏற்ற இடம். கருவியைப் பொறுத்தவரை, கடந்த சில ஆண்டுகளில் வந்த எந்தக் கைத்தொலைபேசியும் வானத்தைப் படமெடுக்கப் போதுமானது. குறைவாக இருப்பது வேறொன்று. உங்கள் ஊர் வானம் எந்த மாதத்தில், எந்த மணியில், எந்தத் திசையில் என்ன செய்யும் என்பதை நீங்கள் இன்னும் ஒழுங்காகக் குறித்துப் பார்க்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டவர் பழைய கைத்தொலைபேசியில் எடுக்கும் படம், தெரியாதவர் விலையுயர்ந்த கேமராவில் எடுக்கும் படத்தைவிட மேலாக அமைவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். ஆகவே முதலில் வானத்தைப் பற்றியும் பிறகு கருவியைப் பற்றியும் எழுதுகிறேன்.

கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னுக்கு நகர்த்தப்பட்டு, கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியதாக ஆனது. பீடோர் இருக்கும் தீர்க்கரேகைக்கு இது மிகவும் முந்திய நேரம். அதனால் உங்கள் ஊரில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை. ஏறத்தாழ 1:15-க்கு வருகிறது. ஆண்டின் போக்கில் இது நவம்பர் தொடக்கத்தில் 1 மணியை ஒட்டியும், பிப்ரவரியில் 1:30-ஐ ஒட்டியும் மாறும். சூரிய உதயமும் மறைவும் காலை, மாலை இரண்டிலும் 7 மணிக்கும் 7:30-க்கும் இடையே ஊசலாடுவதற்கு இதுவே காரணம். இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட படப்பிடிப்புக் குறிப்புகளில் "மாலை 5 மணி ஒளி" என்று படித்துவிட்டு நம் ஊரில் 5 மணிக்கு வெளியே போனால் வெயில் இன்னும் கடுமையாகவே இருக்கும். பொன்னிற ஒளி இங்கே 6:30-க்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் விரைவாகப் போய்விடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழ நேர்க்குத்தாக இறங்குவதால், மறைந்த பிறகு 20 நிமிடங்கள் சற்று மிகுந்தால் அந்தி முடிந்துவிடும்.

அடுத்தது நிலம். கிழக்கே 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களைக் கொண்ட தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் வழியாக மலாக்கா நீரிணை வரை தாழ்ந்து செல்லும் சமவெளி. பகல் ஏறும்போது மலைச்சரிவுகள் சூடாகிக் காற்றை மேல்நோக்கி இழுக்கின்றன. அதே நேரத்தில் நீரிணையிலிருந்து கடற்காற்று உள்நாட்டை நோக்கி நகர்கிறது. ஈரம் மிகுந்த இந்தக் காற்றுகள் மலையடிவாரத்தில் சேர்ந்து வேறு வழியின்றி மேலே எழும்போதுதான் நீங்கள் அன்றாடம் காணும் அந்த மேகக் கோபுரங்கள் உருவாகின்றன. உங்கள் வீட்டிலிருந்து கிழக்கு வானமும் மேற்கு வானமும் மறைவின்றித் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பள்ளித் திடலின் ஓரம், தோட்டச் சாலையின் மேடு, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் ஒன்றின் கரை என எதுவாயினும் சரி. பிறகு ஒரு நாளின் வரிசையை அங்கிருந்து கவனியுங்கள்.

முந்திய மாலை மழை பெய்து, இரவு வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருந்தால் விடியலில் தாழ்வான இடங்களில் மூடுபனி படியும். தரை தன் வெப்பத்தை இரவில் வெளியே விட்டுவிடுவதால், அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளிகளாகிறது. மலைத்தொடர் சூரியனை மறைப்பதால் உதய நேரம் கடந்தும் வெயில் உங்கள் ஊருக்குச் சற்றுத் தாமதமாகவே இறங்கும். அதுவரை பனி கலையாது. அந்தப் பொழுதில் செம்பனை வரிசைகளைப் படமெடுப்பதற்கு ஒரு நுட்பம் உண்டு. செம்பனைகள் பெரும்பாலும் முக்கோண அமைப்பில், ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகின்றன. எனவே ஒரே இடத்தில் நின்று மெல்லத் திரும்பினால் மூன்று வெவ்வேறு திசைகளில் வரிசைகள் நீளமாகத் திறந்து தெரியும். மற்றத் திசைகளில் மரங்கள் குழம்பிக் கிடக்கும். சூரியன் எட்டிப் பார்க்கும் பக்கம் திறக்கும் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் ஓலைகளின் நிழல் பனிக்குள் கதிர்களாக விழுவதைக் காணலாம். அருகில் செம்பனை ஆலை இருந்தால் அதன் புகையையும் பாருங்கள். விடியலில் புகை சிறிது எழுந்து, ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாமல் தட்டையாகப் பரவினால், மேலே இருக்கும் காற்று கீழே உள்ளதைவிட வெப்பமாக இருந்து மூடிவிட்டது என்று பொருள். பனியும் அன்று நெடுநேரம் தங்கும்.

பத்துப் பதினொரு மணிக்குள் பனி கலைந்து சிறு திரள் மேகங்கள் தோன்றும். அவற்றின் அடிப்பாகங்கள் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். எழும் காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் உயரம் அது. இந்த நேரத்துப் படங்கள் தனியாகப் பார்த்தால் எளியவை, ஆனால் அன்றைய மாலை எப்படி இருக்கும் என்பதை இவைதான் முதலில் சொல்கின்றன. நண்பகலுக்கு முன்பே திரள்கள் அகலத்தைவிட உயரம் மிகுந்து வளரத் தொடங்கினால் மாலையில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். கிடையாகப் பரவி வானத்தை மூடிவிட்டால் வெயில் தரையை எட்டாது, வளர்ச்சியும் தடைபடும்.

ஒரு மணி முதல் நான்கு மணி வரையிலான நேரத்தைப் பெரும்பாலான படப்பிடிப்பாளர்கள் ஒளி சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேகத்தைப் படமெடுப்பவருக்கு அதுவே நாளின் உயிரான பகுதி என்று நான் உறுதியாகச் சொல்வேன். மேகத்தின் விளிம்பு கூர்மையாக, பூக்கோசின் மேற்பரப்பைப் போலக் கொத்துக் கொத்தாக இருக்கும்வரை அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வேகமாக எழும் கோபுரத்தின் தலைக்கு மேல் மெல்லிய, வழுவழுப்பான தொப்பி மேகம் ஒன்று சில நிமிடங்கள் தோன்றி மறையும். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அந்தத் தொப்பியில் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த வண்ணங்கள் ஒளிரும். நம் வட்டாரத்தில் இது அரிய காட்சியே அல்ல. பிற்பகலில் மேலே நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவாக இருப்பதால்தான் அரிதாகத் தெரிகிறது. பிறகு உச்சி மழுங்கி, நார் நாராகப் பிரிந்து, கிடையாகப் பரவத் தொடங்கினால் நீர்த்துளிகள் பனிப்படிகங்களாகிவிட்டன. இடிமழை தரும் கார்த்திரள் மேகம் தன் முழு உயரத்தை எட்டிவிட்டது. வெப்பமண்டலத்தில் அந்த உயரம் 16 கிலோமீட்டர் வரைகூடச் செல்லும், பயணிகள் விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீட்டரையும் தாண்டி. எழுவதற்கு மேலே இடமில்லாமல் பக்கவாட்டில் விரியும் அந்தத் தலைப்பகுதியை மாலைச் சூரியன் மேற்கிலிருந்து நேராக ஒளியூட்டும்போது, கிழக்கே மலைகளின் மேல் நிற்கும் மேகத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாகத் தெரியும். மலை கிழக்கிலும் சமவெளி மேற்கிலும் அமைந்த ஊருக்கு இது ஒரு பேறு. அந்தி வானம் என்றவுடன் எல்லாரும் மேற்கே திரும்புகிறார்கள். பீடோரில் கிழக்கையும் பார்க்க வேண்டும்.

கிழக்கைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. நீரிணைக்கு மேல், அடிவானத்துக்கு அருகே நிற்கும் மேகங்களின் நிழல், மறையும் சூரியனின் ஒளியில் வானம் முழுவதும் கோடுகளாக நீண்டு, எதிர்ப்புறத்தில் கிழக்கே மறுபடி ஒரு புள்ளியில் குவிவது போலத் தோன்றும். உண்மையில் அக்கதிர்கள் இணைகோடுகளே; நீண்ட இருப்புப்பாதை தொலைவில் குவிவதாகத் தெரிவதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் இளஞ்சிவப்பு வானத்தில் நீலப் பட்டைகளாக இது தெரியும். தொலைபேசியின் பரந்த கோண லென்ஸ் முழுமையாகப் பயன்படும் காட்சிகளில் இது ஒன்று.

இனி ஆண்டின் வரிசை. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசுகிறது. பெருமழை அப்போது கிழக்குக் கரையில்தான். தென்மேற்குப் பருவக்காற்று மே இறுதி அல்லது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும்தான் உங்கள் பக்கத்து மாலை இடிமழையின் உச்சக் காலம். அப்போது மேலே காற்று வலுவின்றி இருப்பதால் நிலத்தின் வெப்பமும் மலையும் கடற்காற்றும் சேர்ந்து வானிலையைத் தீர்மானிக்கின்றன. பீடோர் நில நடுக்கோட்டுக்கு 4 பாகை வடக்கில் இருப்பதால் மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே வரும். ஜூனில் நண்பகல் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. மறைவுப் புள்ளியும் மேற்கு அடிவானத்தில் ஏறத்தாழ 47 பாகை அகலத்துக்கு இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். ஜூனில் கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் மறைந்த சூரியன் டிசம்பரில் வேறெங்கோ மறையும் என்பதால், முன்னால் எந்தக் கட்டடம், எந்த மரம் வேண்டும் என்பதை மாதக் கணக்கில் திட்டமிட வேண்டியிருக்கும்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் ஒரு விதிவிலக்கையும் எதிர்பார்த்திருங்கள். சுமத்ராவிலும் நீரிணையிலும் இரவில் உருவாகும் இடிமேகங்கள் ஒரே கோடாக அணிவகுத்து, விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்குக் கரைக்கு வந்து சேரும். இதற்கே சுமத்ரா புயற்கோடு என்று பெயர். இதன் முன்னணியில், தாழ்வாக, அடிவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வளைந்து நிற்கும் கரிய மேகத் திண்ணையை மேற்கில் கண்டால், பலத்த காற்று சில நிமிடங்களில் வந்துவிடும் என்று அறிந்துகொள்ளுங்கள். படமெடுக்க மிகச் சிறந்த காட்சி அது. வீட்டுக்குள்ளிருந்தோ மூடிய முன்கூடத்திலிருந்தோ எடுக்க வேண்டிய காட்சியும் அதுவே. மலேசிய வானிலை ஆய்வுத் துறை ராடார் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. மைசுவாச்சா என்ற அதன் செயலியும் இலவசம். இரவு படுக்கும் முன்பும் காலை எழுந்தவுடனும் ராடாரைப் பார்க்கும் பழக்கம், எந்த லென்ஸையும்விட உங்களுக்கு அதிகம் உதவும்.

தோட்டத்து மூத்தவர்களையும் கேளுங்கள். பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்துக்கு, போகும்போதே வானத்தைப் படித்தவர்கள். பட்டை நனைந்திருந்தால் பால் சீவிய கோட்டிலிருந்து விலகி வழிந்து வீணாகும். மழை நாள் என்றால் அன்றைய வருமானம் குறையும். பிழைப்பே வானத்தைச் சார்ந்திருந்ததால், எந்த மலை இடுக்கில் கருத்தால் எவ்வளவு நேரத்தில் மழை தங்கள் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) வரும் என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். அந்த அறிவு எந்தச் செயலியிலும் இல்லை, ஏனென்றால் அது உங்கள் பள்ளத்தாக்குக்கு மட்டுமே உரியது.

இப்போது கருவிக்கு வருகிறேன். நேரில் கண்டது படத்தில் இல்லாமல் போவதற்கு முதல் காரணம், கைத்தொலைபேசி தானாகவே தரையை வெளிச்சமாக்க முயல்வதுதான். செம்பனையும் வீட்டுக் கூரையும் கருமையாக இருப்பதைக் கண்டு அது படம் முழுவதையும் வெளுப்பாக்குகிறது. மேகத்தின் வெள்ளை விளிம்புகள் விவரமிழந்து போகின்றன. ஒருமுறை முற்றிலும் வெளுத்துப்போன பகுதியைப் பிறகு எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. கருமையான பகுதியை ஓரளவு மீட்கலாம். ஆகவே திரையில் மேகத்தின் மிக வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் தோன்றும் ஒளிக் குறியைக் கீழே இழுத்து, மேகத்தின் மடிப்புகள் தெரியும்வரை இருட்டாக்குங்கள். இந்த ஒரு பழக்கமே உங்கள் படங்களைப் பாதிக்கு மேல் மாற்றிவிடும். வெளிச்சமான பகுதியையும் இருண்ட பகுதியையும் சமன்படுத்தும் எச்டிஆர் வசதி மிதமாக இருந்தால் நல்லது; ஆனால் இடிமேகத்தின் அடியில் இருக்கும் அச்சமூட்டும் கருமையைக்கூட அது சாம்பல் நிறமாக வெளிறச் செய்துவிடுவதால், அத்தகைய வேளையில் அதை நிறுத்திவிடுவதே என் பரிந்துரை. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் ஒளிக்கு நிலைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தியின் செம்மையைக் குறையென்று கருதி அது திருத்திவிடும். பதிந்த விவரங்களைக் குறைக்காமல் வைக்கும் ரா வடிவத்தில் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் காரணம், தரை இல்லாமை. மேகம் மட்டும் நிறைந்த படத்தில் அதன் பருமன் தெரியாது; பார்ப்பவருக்கு அது எந்த ஊர் மேகம் என்பதும் தெரியாது. படத்தின் அடியில் ஐந்தில் ஒரு பங்காவது நிலம் இருக்கட்டும்: தகரக் கூரைகளின் வரிசை, மின்கம்பி, தோட்டத்துக் கோயில், குலை ஏற்றிச் செல்லும் டிராக்டர். அடிவானக் கோடு சாயாமல் இருக்க வேண்டும். பரந்த கோண லென்ஸ் தொலைவிலுள்ள மலையையும் மேகத்தையும் மிகச் சிறிதாக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 30 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் கோபுரத்தை எடுக்கும்போது இரண்டு அல்லது மூன்று மடங்கு ஒளியியல் பெரிதாக்கம் கொண்ட லென்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். நேரில் உங்கள் கண் அந்த மேகத்தின் மீதே குவிந்திருந்தது. லென்ஸும் அதையே செய்ய வேண்டும்.

மழையைப் படமெடுப்பது மேகத்தைவிடக் கடினம். துளிகள் தெரிய வேண்டுமானால் பின்னாலிருந்து ஒளியும், துளிகளுக்குப் பின்னே கருமையான பரப்பும் வேண்டும். வெயிலும் மழையும் ஒருசேர வரும் வேளையில் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து, செம்பனை நிழலைப் பின்னணியாகக் கொண்டால் இரண்டும் கிடைத்துவிடும். ஷட்டர் வேகம் நொடியில் 60-இல் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் துளிகள் கோடுகளாகவும், 1,000-இல் ஒரு பங்காக இருந்தால் மணிகளாகவும் பதியும். தொலைவில் மலைக்கும் தோட்டத்துக்கும் இடையே தொங்கும் மழைத்திரையை எடுப்பது இதைவிட எளிது. அது நகர்ந்து வருவதை ஒரு நிமிட இடைவெளியில் தொடராக எடுத்துவைத்தால் மழை உங்கள் தாமானை அடைந்த வேகத்தையே அதிலிருந்து கணக்கிடலாம்.

வானவில்லுக்குக் கணக்கு உண்டு. அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியைச் சுற்றி 42 பாகை ஆரத்தில் அது தோன்றுவதால், சூரியன் 42 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும்போது சமதரையில் நிற்பவருக்கு வானவில் தெரியவே தெரியாது. பீடோரின் நேரத்தில் பார்த்தால் காலையில் 10 மணி அல்லது 10:30 வரை மேற்கு வானத்திலும், பிற்பகலில் 4 மணி அல்லது 4:30-க்குப் பிறகு கிழக்கு வானத்திலும் மட்டுமே அதைத் தேட வேண்டும். மாலை மழை 5:30-க்கு மலைப்பக்கம் ஒதுங்கி மேற்கே வெயில் அடித்தால், உடனே வெளியே வந்து உங்கள் நிழல் நீளும் திசையைப் பாருங்கள். சூரியன் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு உயரமாக வில் நிற்கும். வெளிப்புறத்தில் 51 பாகை ஆரத்தில் நிறவரிசை தலைகீழான இரண்டாம் வில்லும், இரண்டுக்கும் நடுவே சற்று இருண்ட பட்டையும் தெரிகிறதா என்று தேடுங்கள். ஒளியளவைக் குறைத்து எடுத்தால்தான் அந்த இருட்டு பதியும். சூரியனையோ நிலவையோ சுற்றி 22 பாகை ஆரத்தில் தோன்றும் வட்டம் வேறு வகை. அது மிக உயரத்தில் உள்ள மெல்லிய கீற்றுப்படலத்தின் பனிப்படிகங்களால் உண்டாவது. சூரியனை ஒரு தூணாலோ கூரை முனையாலோ மறைத்துக்கொண்டு எடுங்கள், கண்ணுக்கும் அதுவே பாதுகாப்பு.

தம்பி, மின்னலைப் பற்றி எழுதும்போது மட்டும் படத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறேன். மேற்குக் கரைப் பகுதி உலகிலேயே இடி மின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே எண்ணும் நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, நீங்களும் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மழை இன்னும் உங்களிடம் வராவிட்டாலும் அது தாக்கலாம். திடல், குட்டைக் கரை, தனித்து நிற்கும் மரத்தடி, தோட்டத்தில் ஆங்காங்கே இருக்கும் திறந்த தகரக் கொட்டகை ஆகிய எவையும் பாதுகாப்பு அல்ல. கல்வீட்டுக்குள்ளோ உலோகக் கூரை கொண்ட மூடிய காருக்குள்ளோ இருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆன பிறகே வெளியே வாருங்கள். நல்ல மின்னல் படங்கள் பெரும்பாலும் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவையே. உங்கள் ஊரில் அதற்கு ஏற்ற நேரம் இரவு 8 மணிக்குப் பிறகு. அருகிலிருந்த மழை ஓய்ந்து, தொலைவில் நிற்கும் மேகம் உள்ளிருந்து ஒளிர்ந்துகொண்டிருக்கும். முக்காலியில் தொலைபேசியைப் பொருத்தி, கைமுறை அமைப்பில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 8 அல்லது 10 நொடி, குவியம் முடிவிலி என்று வைத்து, வீட்டுச் சன்னலிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். தெருவிளக்கு படச் சட்டத்துக்குள் வந்தால் படம் வெளுத்துவிடும். பகல் நேர மின்னலுக்கு இது பொருந்தாது. காணொளியாகப் பதிந்து ஒரு சட்டத்தைப் பிரித்தெடுப்பதே வழி. 4கே காணொளியின் ஒரு சட்டம் ஏறத்தாழ 8 மெகாபிக்சல் கொண்டது என்பதால் அச்சிடவும் அது போதும்.

புகைமூட்டக் காலத்தில் பலர் கேமராவை மூடி வைத்துவிடுகிறார்கள். 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நாம் அனுபவித்த புகைமூட்டம் நம் வட்டார வானிலையின் ஒரு பகுதியாகிவிட்டது. அது அழகாக இல்லை என்பதற்காக அதைப் பதிவு செய்யாமல் விடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தித்திவங்சா மலை தெளிவாகத் தெரியும் நாளிலும், அது மங்கும் நாளிலும், முற்றிலும் மறையும் நாளிலும் ஒரே இடத்திலிருந்து ஒரே அளவில் எடுத்த மூன்று படங்களை, அன்றைய காற்றுத் தூய்மைக் குறியீட்டு எண்ணோடு பக்கத்தில் வைத்தால், எண்ணை மட்டும் படிப்பவருக்குப் புரியாதது புரியும். குறியீடு 50 வரை நன்று, 100 வரை மிதம், 101-இலிருந்து உடலுக்குத் தீங்கு. அந்த அளவைத் தாண்டிய நாள்களில் சன்னலிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

ஒரே இடத்திலிருந்து என்று மீண்டும் மீண்டும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய இயற்பியலாளர் மசனாவோ அபே 1920-களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் ஃபூஜி மலையின் அடிவாரத்தில் ஓர் ஆய்வகம் அமைத்து, அந்த ஒரே மலையைச் சுற்றி எழும் மேகங்களைப் படமெடுத்துக் காற்றின் ஓட்டத்தை ஆராய்ந்தார். மேகங்களுக்கு இன்று உலகம் பயன்படுத்தும் வகைப்பாட்டின் அடித்தளத்தை 1802-இல் லண்டனில் முன்வைத்த லூக் ஹோவர்டும் தொழிலால் மருந்து வேதியியலாளர். ஓய்வு நேரத்தில் தம் ஊர் வானத்தைப் பார்த்தவர். நீங்களும் ஓர் இடத்தைத் தேர்ந்து, சுவரிலோ வேலிக்கம்பத்திலோ தொலைபேசியைச் சாய்க்கும் புள்ளியை அடையாளமிட்டு, காலை 8, பிற்பகல் 3, மாலை 7 என்று நேரத்தை நிலைநிறுத்தி எடுத்துவாருங்கள். எதுவும் நிகழாத நாள்களின் படங்களையும் நீக்க வேண்டாம்; ஒப்பிடுவதற்கு அவைதான் அளவுகோல். கோப்பின் பெயரில் நாள், நேரம், திசை ஆகியவற்றையும், தனிக் குறிப்பில் மழை தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய படம் சுருக்கப்பட்டு, தன்னுள் பொதிந்த விவரங்களையும் இழந்துவிடும் என்பதால் மூலப் படத்தை வேறிடத்திலும் சேமித்து வையுங்கள்.

இத்தகைய தொடரில் வானத்தோடு நிலமும் பதிவாகிறது. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுகிறது. பால்மரக் காடுகள் செம்பனையாயின; பல தோட்டங்கள் தாமான்களாயின. லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில் பழைய தோற்றத்தைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் எடுத்தவையே. அவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள், ஊர் இல்லை. மழை வரும் திசையை நோக்கி நீங்கள் எடுக்கும் படத்தின் அடியில் நிற்கும் மரவரிசையும் கூரையும் பிற்காலத்தில் பலர் தேடும் ஆவணமாகலாம். தோட்ட எல்லைக்குள் செல்லும்போது மட்டும் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முகம் தெரிய எடுக்கும் முன் வீட்டாரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் பழகிய பிறகும் கருவி வாங்க விரும்பினால், முதலில் உறுதியான முக்காலி, அடுத்து தொலைபேசியைப் பொருத்தும் பிடி. அதன் பிறகே கைமுறை அமைப்புள்ள பழைய கேமரா ஒன்று. அதோடு சாதாரணப் பெரிதாக்க லென்ஸ். லென்ஸின் முன் பொருத்தும் துருவமுனைப்பு வடிப்பி வாங்கினால் அது சூரியனுக்கு 90 பாகைத் திசையில்தான் வானத்தை நன்றாக அடர்த்தியாக்கும். நம் நாட்டு உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் அந்தத் திசை அடிவானத்தைச் சுற்றி அமைகிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு, தெற்கு வானங்களில் அமைகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் உடனே நீராவி படியும். பையிலேயே அரை மணி நேரம் வைத்து வெளிக்காற்றின் வெப்பத்துக்குப் பழகவிட்ட பிறகு எடுங்கள். நம் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது பெரும் தொல்லை. துணி அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரமானியும் போட்டு, ஈரப்பதம் 40-க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.